ரீவ் என்றால் விதானையார்

அந்தக் கடிதம் ஒரு வியாழக்கிழமை வந்தது. வேலை முடிந்து வந்து, சப்பாத்தில் ஒட்டியிருந்த பனிச்சேற்றைக் கீழ்வாசலில் தட்டிவிட்டுத் தபால்பெட்டியைத் திறந்தேன். உறையில் கல்லூரியின் பெயர் இருந்தது. படியேறிக்கொண்டே கிழித்து வாசித்ததில் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டேன். நான் எழுதிக் கொடுத்த கட்டுரை என்னுடைய சொந்த எழுத்துத்தானா என்று ஐயம் எழுந்திருக்கிறதாம். அதை விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு அடுத்த புதன்கிழமை பின்னேரம் கூடும். நான் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். விரும்பினால் ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. மொன்றியலுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் நானும் கணவரும் நாலு வயது மகளும் இருந்தோம். கணவர் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். நான் சபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் குளிர்காலக் கோட்டுகளுக்குக் கை பூட்டிக்கொண்டிருந்தேன். இடது கை, வலது கை, இடது கை, வலது கை என்று ஒரு நாள் முழுக்க அதுதான். இலங்கையில், ஊரில் உயர்தரப் பரீட்சை எழுதிப் பெறுபேறு வந்த மாதத்தில்தான் சண்டையால் நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். அதற்குப் பிறகு படிப்பைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. இங்கே, மகள் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒரு ஆங்கிலக் கல்லூரியில் மாலை வகுப்பாக ஒவ்வொரு பாடமாக எடுத்து டிப்ளோமாவை முடிப்பது என்று தீர்மானித்தேன். மேசையும் கதிரையும் உள்ள ஒரு வேலை வேண்டும் என்பதுதான் என்னுடைய முழு ஆசையும்.

டிப்ளோமாவுக்கு ஒரு சரித்திரப் பாடம் கட்டாயம். கணவருக்குச் செவ்வாய்க்கிழமை ஓய்வு என்பதால் எனக்குச் செவ்வாய் மாலை மட்டும்தான் வசதி. செவ்வாய் மாலையில் இருந்த ஒரே சரித்திரப் பாடம் ஆங்கிலோ-சாக்சன் கால இங்கிலாந்து. அதாவது, பிரான்சிலிருந்து நோர்மன்கள் கடல் தாண்டி வந்து பிடிப்பதற்கு முன்னான இங்கிலாந்து. நான் சிரித்துக்கொண்டே பெயரைப் பதிந்தேன்.

முதல் இரண்டு வாரமும் எனக்கு நித்திரைதான் வந்தது. மூன்றாம் வாரம் ஆசிரியர் ஒரு சட்டத்தைப் பற்றிச் சொன்னார். அவர் ஒல்லியான, நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய பெண். எழுதும்போது சோக் தூள் முழங்கை வரை ஏறிவிடும். அந்தக் காலத்து ஊரொன்றுக்குள் தூரத்திலிருந்து வருகிற அந்நியன் ஒருவன் வழியை விட்டு விலகிக் காட்டுக்குள்ளால் வந்தால், அவன் சத்தம் போட வேண்டும், அல்லது கொம்பு ஊத வேண்டும். இரண்டும் செய்யாமல் வந்தால் அவனைக் கள்வன் என்று எடுத்துக்கொள்ளலாம். இதைச் சொல்லிவிட்டு அவர் கரும்பலகைக்குத் திரும்பினார். எனக்கு நித்திரை கலைந்தது.

அதற்குப் பிறகு ஒரு வகுப்பும் தவறவிடவில்லை. மேலே அரசன். அவனுக்கு ஆலோசனை சொல்ல, விட்டான் என்கிற பெரியவர்களின் சபை. அவனுக்காக ஒவ்வொரு பெரும் பகுதியையும் பார்க்கிற ஏல்டர்மன். நிலமும் வாளும் உள்ள, தேன் என்கிற பிரபு. நான் அந்தப் பெயரைத் தமிழில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், தேன் என்றுதான் வந்தது. அவனுக்குக் கீழே, சொந்தக் காணியை உழுகிற சாதாரண குடிமகன், சியோர்ல். எல்லாருக்கும் கீழே அடிமை. ஒவ்வொருவருடைய உயிருக்கும் ஒரு விலை. கொன்றவன் அதைக் கட்ட வேண்டும். தேனின் உயிருக்கு விலை கூட, குடிமகனின் உயிருக்குக் குறைவு. ஆனால் அந்த ஏணி முழுக்க அடைத்துக் கிடக்கவில்லை. குடிமகன் ஒருவன் நிலம் சேர்த்து, கோயிலும் குசினியும் மணிக்கோபுரமும் கட்டி, அரசனின் மண்டபத்தில் ஒரு இருக்கையும் பெற்றுவிட்டால் அவனும் தேன் ஆகலாம். தன் சொந்த முயற்சியில் மூன்று தரம் பெருங்கடலைக் கடந்த வணிகனுக்கும் அந்தத் தகுதி உண்டு. நான் கடலைக் கடந்தது ஒரே ஒரு தரம், அதுவும் ஆகாயத்தால், வேறொருவருடைய கடவுச்சீட்டில். வகுப்பில் பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு நான் ஏன் சிரிக்கிறேன் என்று விளங்கவில்லை.

கட்டுரைக்கு நாங்களே தலைப்புத் தெரிவு செய்யலாம். பொலிசும் இல்லை, கந்தோரும் இல்லை, பெரும்பாலான ஆட்களுக்கு எழுத வாசிக்கவும் தெரியாது. அப்படி ஒரு நாட்டை ஒரு அரசன் எப்படி ஆண்டான்? இதுதான் நான் எடுத்த கேள்வி. ஒரு இடத்தில் களவு நடந்தால் அரசனின் ஆள் அங்கே போய்த் துப்புத் துலக்குவதில்லை. ஊர்க்கூட்டம் நாலு கிழமைக்கு ஒரு தரம் கூடும். குற்றம் சாட்டப்பட்டவன் 'நான் செய்யவில்லை' என்று சத்தியம் செய்வான். அது போதாது. அவனைத் தெரிந்த ஆட்கள் வந்து நின்று, 'இவனுடைய சத்தியம் சுத்தமானது' என்று தாங்களும் சத்தியம் செய்ய வேண்டும். அப்படி நிற்க ஆள் கிடைக்காதவன் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் பிடிக்க வேண்டி வரும். சத்தியத்துக்கும் தரம் உண்டு. ஒரு தேன் செய்கிற சத்தியம் ஆறு குடிமக்கள் செய்கிற சத்தியத்துக்குச் சமன்.

இந்த இழையெல்லாம் போய்ச் சேருகிற இடம் ரீவ் என்கிற ஒரு உத்தியோகத்தன். அரசனுக்காக ஊரைப் பார்க்கிறவன். பெரும் பகுதிக்குப் பொறுப்பான ரீவின் பெயர்தான் பிறகு ஷெரிஃப் ஆனது. புத்தகத்தில் மூன்று பக்கம் அவனைப் பற்றி வாசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சடாரென்று விளங்கியது. இவன் எங்கள் விதானையார். ஊரில் இப்போதும் கிராம சேவகரை அப்படித்தான் சொல்வார்கள். அடையாள அட்டையோ, அரிசி சீனி வாங்குகிற கூப்பன் மட்டையோ, எதற்கும் விதானையாரின் ஒப்பம் வேண்டும். கொழும்பில் இருக்கிற அரசாங்கத்துக்கு நான் யார் என்று தெரியாது. விதானையாருக்குத் தெரியும், அல்லது தெரிந்த ஒருவரைத் தெரியும். அதை விளங்கிக்கொண்ட பிறகு எழுத்து ஓடத் தொடங்கியது.

தமிழில்தான் எழுதினேன். எனக்கு யோசிக்கத் தெரிந்த மொழி அதுதான். மலிவுக் கடையில் வாங்கிய ஒரு தடித்த கொப்பி. தொழிற்சாலையில் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் தருவார்கள். துணி அழுத்துகிற ஸ்திரிக்கை இயந்திரங்களுக்குப் பக்கத்தில் சூடான ஒரு மூலையில் இருந்து, ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மற்றக் கையால் எழுதினேன். பிறகு அகராதியை வைத்து ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு வசனத்தை ஐந்தாறு தரம் மாற்றியிருப்பேன். மூன்று கிழமை எடுத்தது. வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக நான் வேறொன்றும் செய்ததில்லை.

அதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. ஒரு மாதத்துக்கு முன்னர் வகுப்பில் வைத்து ஒரு சோதனை எழுதியிருந்தோம். ஐம்பது நிமிடம், அகராதி இல்லை. பயத்தில் அரைப் பக்கம் எழுதினேன், அதிலும் பாதி வசனங்கள் முடியாமல் நின்றன. ஆசிரியர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டும் ஒரே ஆள் எழுதியது போல இல்லை. கடிதத்தோடு என் கட்டுரையின் ஒரு பக்கத்தைப் படியெடுத்து இணைத்திருந்தார்கள். அதில் ஒரு வசனத்துக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது. அரசனுக்கு எல்லாம் தெரிந்திருக்கவில்லை, யாரைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது என்ற வசனம். நான் எழுதியவற்றில் எனக்கு ஆகப் பிடித்த வசனமும் அதுதான்.

கணவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். களவெடுத்தேன் என்று எழுதியிருக்கிறார்களா என்று கேட்டார். அப்படி எழுதவில்லை, ஆனால் கருத்து அதுதான் என்றேன். எங்கள் குடியுரிமை விண்ணப்பம் அப்போது அரசாங்கத்திடம் இருந்தது. கல்லூரியில் மோசடி என்று ஒரு பதிவு விழுந்தால் அது அங்கேயும் போகுமா என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. ஒன்பது வருடத்துக்கு முன்னர், அகதி விசாரணையில், இப்படி ஒரு மேசைக்கு முன்னால் இருந்து, என் கதை உண்மை என்று சொல்லியிருக்கிறேன். அன்று நம்பினார்கள். நம்பாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற எண்ணம் என்னை விட்டு ஒருபோதும் முழுதாகப் போகவில்லை. கடிதம் வந்த நாளில் இருந்து அது மீண்டும் வந்துவிட்டது.

கணவர்தான் பியர்பொன்ட்ஸில் இருக்கிற கணக்காளரை நினைவுபடுத்தினார். அவருக்குத் தூரத்து உறவு. கோயில் சபையில் தலைவராக இருந்தவர். எங்கள் ஆட்கள் எந்தக் கூட்டம் வைத்தாலும் முன்வரிசையில் அவருக்கு ஒரு கதிரை இருக்கும். அவரிடம் ஒரு கடிதம் வாங்கினால் பெரிய பலம் என்றார் கணவர். நான் எழுதிய கட்டுரையையே அவர் எனக்குச் சொல்வது போல இருந்தது. ஒரு தேனின் சத்தியம். ஆனால் பயம் வந்தால் ஆள் எதையும் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு மெட்ரோவில் கோத்-வெர்து வரை போய், அங்கிருந்து பஸ் எடுத்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே மாதிரியான வீடுகளைப் பார்த்துக்கொண்டு போனோம்.

அவர் நல்ல மனிதர். அதைச் சொல்லத்தான் வேண்டும். தேத்தண்ணி தந்து, மகளுக்கு பிஸ்கட் தந்து, நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு எழும்பிப் போய், தன் பெயர் அச்சடித்த தாளில் கடிதத்தை டைப் அடித்துக்கொண்டு வந்தார்.

"ஒண்டுக்கும் யோசிக்காதையும் தங்கச்சி," என்றார். "நான் எழுதினால் அவங்கள் மறுக்கமாட்டாங்கள்."

பஸ்ஸில் வரும்போது வாசித்தேன். என்னைப் பத்து வருடமாக நெருக்கமாக அறிவாராம். மிகச் சிறந்த கல்விப் பின்னணி உடையவளாம், அபாரமான ஆங்கிலப் புலமை உள்ளவளாம். நான் அவரைச் சந்தித்தது அன்றைக்கு மூன்றாம் தரம். அதற்கு முந்தின இரண்டும் கலியாண வீடுகள். கணவர் ஜன்னலோரம் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் என் பக்கத்து இயந்திரத்தில் இருக்கிற பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஹெயிட்டி நாட்டுக்காரி, செயின்ட்-மிஷேலில் இருக்கிறாள், என்னைவிட ஐந்தாறு வயது கூட. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான மொழி பிரெஞ்சு. அவளுக்கு அது நன்றாக வரும், எனக்கு அரைகுறை. மூன்று கிழமையாக நான் மூலையில் இருந்து எழுதுவதை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். யாருக்குக் கடிதம் எழுதுகிறாய், அவ்வளவு நீளமாக என்று கேட்டுச் சிரித்தும் இருக்கிறாள். நான் கதையைச் சொல்லி முடித்ததும் தையலை நிறுத்திவிட்டு, புதன்கிழமை எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள். அரைநாள் சம்பளம் போகும் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் எழும்பி மேற்பார்வையாளரிடம் போய் லீவு சொல்லிவிட்டு வந்தாள்.

புதன்கிழமை இருவரும் ஜோன்-தலோனில் மெட்ரோ மாறி நகர மையத்துக்குப் போனோம். அவள் தேவாலயத்துக்குப் போகிற சட்டையும் தொப்பியும் போட்டிருந்தாள். எனக்குக் கை குளிர்ந்துபோயிருந்தது. அவள் அதை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் கையுறைகளைக் கழற்றித் தந்தாள்.

அறை சின்னது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் துறைத் தலைவரும், மாணவர் விவகாரத்தைப் பார்க்கிற ஒரு இளைஞரும், வேறொரு துறை ஆசிரியையும் இருந்தார்கள். எங்கள் ஆசிரியர் மேசையின் முனையில், ஒரு பக்கமாக இருந்தார். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவருக்கும் இது சந்தோஷமான வேலை இல்லை என்று அந்த அசைவிலேயே தெரிந்தது. துறைத் தலைவர் பெரிய உருவம், மெதுவான குரல். ஆசிரியர் ஏன் சந்தேகப்பட்டார் என்பதை முதலில் அவர் வாசித்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை. நானாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

பிறகு என்னிடம் விளக்கம் கேட்டார். முதலில் கணக்காளரின் கடிதத்தைத்தான் எடுத்து நீட்டினேன். துறைத் தலைவர் கண்ணாடியை மாட்டி வாசித்தார். பிறகு அமைதியாகக் கேட்டார்.

"இவர் நீங்கள் இந்தக் கட்டுரையை எழுதியதைப் பார்த்தவரா?"

"இல்லை," என்றேன்.

அவர் கடிதத்தை மடித்து என் பக்கமாகத் தள்ளி வைத்தார். கோபமாக இல்லை. அது அங்கே தேவைப்படாத ஒரு தாள், அவ்வளவுதான். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறொன்று. மூன்று நாளாக என் கைப்பையில் கனத்துக்கொண்டிருந்த ஒன்று இறங்கிவிட்டது போல ஒரு ஆறுதல். இனி நான் அபாரமான ஆங்கிலப் புலமை உள்ளவளாக நடிக்கத் தேவையில்லை.

எழுதியதைப் பார்த்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். நான் பக்கத்தில் இருந்தவளைக் காட்டினேன். அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாக, சாட்சிக் கூண்டில் நிற்பவள் போலச் சொன்னாள்.

"அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. இவள் எழுதியதை நான் கண்டேன். ஒவ்வொரு மத்தியானமும் கண்டேன்."

வேறொன்றும் சேர்க்கவில்லை. நான் கெட்டிக்காரி என்றோ நல்லவள் என்றோ சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டுத் தொப்பியை மீண்டும் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் நான் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். கறி பட்ட ஓரங்களோடு, நூல் தும்புகள் ஒட்டினபடி. அவர்கள் ஒருவர் மாறி ஒருவர் புரட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு அது வெறும் சுழியும் வளைவும்தான். இது கட்டுரையின் முதல் வடிவம் என்றேன். துறைத் தலைவர் மற்றவர்களைப் பார்த்தார். எங்களுக்கு வாசிக்கத் தெரியாதே என்றார், உண்மையான கவலையோடு. வேறு துறையில் இருந்து வந்த ஆசிரியைதான், இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற ஒருவர் சென்னையில் இருந்து வந்தவர் என்று சொன்னார். தொலைபேசியை எடுத்தார்கள். பத்து நிமிடத்தில் வெள்ளைக் கோட்டோடு ஒரு மனிதர் உள்ளே வந்தார். அவரை நான் அதற்கு முன் கண்டதே இல்லை.

ஆசிரியர் கொப்பியை எடுத்து, தானே ஒரு பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். வாசித்து, அப்படியே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். அவர் முதலில் தனக்குள் வாசித்தார். பிறகு மெதுவாக ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். ஊர்க்கூட்டம், சத்தியம், சத்தியத்துக்குத் துணை நிற்கிறவர்கள். இடையில் நிறுத்தி, ஓரத்தில் எழுதியிருப்பதையும் வாசிக்க வேண்டுமா என்று கேட்டார். எல்லாவற்றையும் வாசியுங்கள் என்றார் துறைத் தலைவர். நாளைக்குப் பல் வைத்தியர், பால் முடிந்துவிட்டது என்று அவர் மிகுந்த மரியாதையோடு மொழிபெயர்த்தார். அந்த இளைஞர் குனிந்து சிரித்தார்.

பிறகு அந்த வசனம் வந்தது. அவருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. மற்ற வசனங்களைப் போலத்தான் அதையும் சொன்னார். அரசனுக்கு எல்லாம் தெரியாது, யாரைக் கேட்பது என்று தெரியும். ஒரு சொல் முன்பின்னாக, என் கட்டுரையில் இருந்தது அப்படியே அவர் வாயால் ஆங்கிலத்தில் வந்தது. ஆசிரியர் தன் முன்னால் இருந்த தாளில் பென்சில் கோட்டைப் பார்த்தார். பென்சிலை எடுத்து மேசையில் படுக்க வைத்தார்.

அடுத்த வரியில் வெள்ளைக் கோட்டுக்காரர் தடக்குப்பட்டார். என் பக்கம் திரும்பித் தமிழிலேயே கேட்டார்.

"மேடம், இந்த 'விதானையார்'னா யாருங்க? எனக்கு இந்த வார்த்தை தெரியலயே."

அந்த அறையில் தமிழ் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் திரும்பி, இது இலங்கையில் ஊர் அதிகாரிக்குச் சொல்கிற பெயராம், இந்த அம்மா ரீவ் வருகிற இடமெல்லாம் அந்தப் பெயரைத்தான் எழுதியிருக்கிறார், ரீவ் என்றால் விதானையார் என்று ஒரு இடத்தில் கோடு போட்டும் வைத்திருக்கிறார் என்றார்.

ஆசிரியர் முதல் தரமாக என்னோடு நேரே கதைத்தார். ஏன் அப்படி என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், முடியாத வசனங்களோடு, சொன்னேன். கூப்பன் மட்டை, அடையாள அட்டை, ஒப்பம். தூரத்தில் இருக்கிற அரசாங்கத்துக்கு என்னைத் தெரியாது என்றும், விதானையாருக்குத் தெரியும் என்றும், அதனால் ஊர் முழுக்க அவருக்குப் பயமும் மரியாதையும் என்றும் சொன்னேன். அவர் ஒப்பம் தராவிட்டால் ஒருவர் இருந்தும் இல்லாதவர்தான். ரீவும் அப்படித்தான் இருந்திருப்பான் என்று எனக்குப் பட்டது என்றேன். ஆசிரியர் குறுக்கிடாமல் கேட்டு முடித்துவிட்டு ஒரு கேள்வி போட்டார்.

"இதை ஏன் ஆங்கிலத்தில் எழுதவில்லை?"

"உங்களுக்கு இங்கிலாந்து மட்டும்தான் வேணும் எண்டு நினைச்சன்," என்றேன். பயத்தில் அது தமிழில் வந்துவிட்டது. வெள்ளைக் கோட்டுக்காரர் சிரித்துக்கொண்டே அதையும் மொழிபெயர்த்தார்.

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். நடைபாதையில் ஒரு வாங்கில் நாங்கள் இருந்தோம். அவளுக்குப் பசி. பையில் இருந்து பாணும் முட்டையும் எடுத்து எனக்கும் பாதி தந்தாள். நான் இரண்டாம் கடி கடிக்கும்போது கதவு திறந்தது. ஆசிரியர்தான் வந்தார். சோக் தூள் இல்லாமல் அவரைப் பார்ப்பது புதுசாக இருந்தது.

"உங்கள் கட்டுரை உங்களுடையது," என்றார். "நான் உங்களை முதலில் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள்."

நான் வாயில் முட்டையோடு தலையாட்டினேன். அவர் என் பக்கத்தில் இருந்தவளுக்கும் பிரெஞ்சில் நன்றி சொன்னார். அந்த இளைஞர் பின்னால் வந்து ஒரு தாளில் ஒப்பம் வாங்கினார். கேட்பதா விடுவதா என்று யோசித்து, கேட்டுவிட்டேன். குற்றம் என்று முடிவாகியிருந்தால் குடியுரிமை அலுவலகத்துக்குப் போயிருக்குமா? அவர் முதலில் கேள்வியையே விளங்கிக்கொள்ளவில்லை. விளங்கியதும் அவருடைய முகம் மாறியது. கல்லூரிக்கு வெளியே எங்கேயும் போகாது, ஒருபோதும் போகாது, நீங்கள் இவ்வளவு நாளும் அதை நினைத்துக்கொண்டா இருந்தீர்கள் என்று கேட்டார். ஓம் என்றேன். பிறகு மிச்சப் பாணையும் சாப்பிட்டு முடித்தேன்.

வெள்ளைக் கோட்டுக்காரரைத் தேடினேன். அவர் ஏற்கனவே ஆய்வுகூடத்துக்குப் போய்விட்டார். அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தாராம்.

வெளியே வந்தபோது வெயில் அடித்தது. நவம்பரில் அது பெரிய விஷயம். மெட்ரோவுக்கு நடந்தபடியே வீட்டுக்குத் தொலைபேசி எடுக்க ஒரு கூண்டைத் தேடினேன். கணவர் வேலைக்கு வெளிக்கிடாமல் காத்திருந்திருக்கிறார், முதல் மணிக்கே எடுத்தார். முடிந்துவிட்டது, என்னை நம்பிவிட்டார்கள் என்றேன்.

"நீர் சாப்பிட்டனீரோ?" என்று கேட்டார்.

கணக்காளருக்கு அன்றைக்கே நன்றி சொல்ல வேண்டும் என்று கணவர் சொன்னார், சொன்னோம். கடிதம் உதவினதோ என்று கணக்காளர் கேட்டதற்குக் கணவர் பெரிய உதவி என்று பதில் சொன்னார். நான் திருத்தவில்லை. அவர் சந்தோஷப்பட்டார், நாங்களும் சந்தோஷமாக இருந்தோம்.

அடுத்த நாள் என் பக்கத்து இயந்திரக்காரியிடம் அந்த அரைநாள் சம்பளத்தைப் பற்றி மீண்டும் கதையெடுத்தேன். அவள் காதில் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக, அந்த மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னவாக இருக்கிறவர்கள், யார் யாருக்கு மேலே என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த மாதிரிச் சொன்னேன். கல்லூரித் தலைவர் ஒருவர், அவருக்குக் கீழே துறைத் தலைவர்கள், பிறகு ஆசிரியர்கள், பிறகு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர்கள், பிறகு நாங்கள். அந்தக் கோட்டுப் போட்டவர் வந்து வாசித்த பிறகுதானே மற்ற எல்லாருக்கும் விளங்கியது என்றாள். நான் அதை அப்படி யோசித்திருக்கவில்லை.

அடுத்த செவ்வாய் வகுப்புக்குப் போகக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆசிரியர் வழக்கம் போலக் கட்டுரைகளைத் திருப்பித் தந்தார். எனக்கு எழுபத்து நாலு. ஓரங்கள் முழுக்கச் சிவப்பு. விட்டான் சபையை நான் நாடாளுமன்றம் போல எழுதியிருக்கிறேன், அது பிழை. அதில் யாரும் யாரையும் தெரிவு செய்யவில்லை, அரசன் கூப்பிட்டவர்கள்தான் வந்தார்கள். இரண்டாம் பக்கத்தில் காலத்தைக் குழப்பியிருக்கிறேன், முந்தின சட்டத்தையும் இருநூறு வருடம் பிந்தின சட்டத்தையும் ஒன்றாகப் போட்டிருக்கிறேன். கடைசியில், உங்கள் ஊர் அதிகாரியைப் பற்றி ஒரு பந்தி சேர்த்து மீண்டும் தந்தால் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். மெட்ரோவில் இருந்தபடி அந்தச் சிவப்புக் குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். எல்லாம் சரியான குறிப்புகள். எல்லாப் பிழையும் என்னுடைய பிழை. பார்க் ஸ்டேஷனில் இறங்கும்போது மனம் அவ்வளவு இலேசாக இருந்தது. மகளுக்குப் பால் வாங்கத் தெருமுனை டெப்பனர் கடையில் நின்றேன், பிறகு மூன்று மாடியும் ஏறினேன். வீட்டில் இருவரும் நித்திரை. குசினி மேசையில் கொப்பியை விரித்து, அந்தப் பந்தியைத் தமிழில் எழுதத் தொடங்கினேன்.